காரின் டேஷ்போர்டில் ஒரு கணினி: தொடங்குவோருக்கான விளக்கம்

காரில் ஸ்டீரியோ இருக்கும் இடத்தில் ஒரு சிறிய கணினியையும் தொடுதிரையையும் பொருத்தி, பாட்டு, வழிகாட்டும் வரைபடம், எஞ்சினின் நிலை ஆகிய எல்லாவற்றையும் ஒரே திரையில் பார்ப்பதைத்தான் கார் கணினி என்கிறோம். இந்த வேலையில் இறங்க விரும்புகிறவர்கள் எந்தத் திரை வாங்கலாம், எந்த மென்பொருளைப் போடலாம் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அவை இரண்டும் பிறகு எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளக்கூடியவை. காரின் பேட்டரியிலிருந்து கணினிக்கு மின்சாரம் எப்படி வந்து சேர்கிறது, சாவியை எடுத்ததும் அது எப்படி நிற்கிறது என்பதை ஒழுங்காக அமைத்துவிட்டால் மற்றவை தாமாக அமைந்துவிடும். அதை அரைகுறையாக விட்டால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய திரையும் சில மாதங்களில் தலைவலியாகிவிடும். ஆகவே இந்தக் கட்டுரையில் அந்தப் பகுதிக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

டேஷ்போர்டில் தொடுதிரை வைக்கும் எண்ணம் புதியதன்று. அமெரிக்காவில் 1986-ஆம் ஆண்டின் பியூக் ரிவியரா காரிலேயே, பழைய தொலைக்காட்சிப் பெட்டியில் இருப்பதைப் போன்ற படக்குழாய் கொண்ட ஒரு தொடுதிரை இருந்தது. குளிர்சாதனம், ரேடியோ போன்றவற்றை அதிலேயே இயக்கினார்கள். 2000-களில் 170 மில்லிமீட்டர் சதுரமான மினி ஐடிஎக்ஸ் தாய்ப்பலகைகள் வந்தபோது, ஆர்வலர்கள் முழுக் கணினியையே டிக்கியிலோ இருக்கைக்கு அடியிலோ வைத்து, 7 அங்குலத் திரைக்கு ஒயர் இழுத்தார்கள். இன்று ராஸ்பெர்ரி பை 4 என்ற பலகை ஏறக்குறைய 85 மி.மீ. நீளமும் 56 மி.மீ. அகலமும்தான், ஒரு சீட்டுக்கட்டின் அளவுள்ள இதுவே அந்த வேலைகளைச் செய்துவிடுகிறது. அதையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டு விளக்குகிறேன்.

முதலில் இடத்தைப் பார்ப்போம். கார் ஸ்டீரியோக்களுக்கென உலகெங்கும் ஏற்றுக்கொள்ளப்பட்ட இரண்டு அளவுகள் உண்டு. ஒற்றை டின் என்பது 180 மி.மீ. அகலமும் 50 மி.மீ. உயரமும் கொண்டது; இரட்டை டின் அதே அகலத்தில் 100 மி.மீ. உயரம் கொண்டது. டின் என்பது இந்த அளவை முதலில் வகுத்த ஜெர்மானியத் தர நிறுவனத்தின் சுருக்கப்பெயர். ராஸ்பெர்ரி பை நிறுவனமே 2015-இல் வெளியிட்ட 7 அங்குலத் தொடுதிரையின் வெளியளவு 194 மி.மீ. அகலம், 110 மி.மீ. உயரம். அதாவது, இரட்டை டின் துளைக்குள் அது நுழையாது. படம் தெரியும் பகுதி 155 மி.மீ.க்குச் சற்றுக் குறைவுதான் என்றாலும், அதைச் சுற்றியுள்ள கண்ணாடி விளிம்பு இடிக்கும். கடையில் திரையைக் கையில் வாங்கும்போது இது தெரியாது; வீட்டுக்கு வந்து டேஷ்போர்டைக் கழற்றிய பிறகுதான் தெரியும். எனவே, வாங்குவதற்கு முன் உங்கள் காரின் துளையை அளவுகோலால் அளந்து, திரையின் வெளியளவோடு ஒப்பிடுங்கள். துளைக்குள் நுழையாத திரையை, உங்கள் கார் மாடலுக்கென விற்கப்படும் பிளாஸ்டிக் ஃப்ரேமின் முன்பக்கத்தில் படியுமாறு வைத்து, பின்னாலிருந்து பட்டைகளால் இறுக்குவதே சரியான வழி. டேஷ்போர்டையே அறுத்து இடமாக்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். காரை விற்கும் நாளில் அந்த வெட்டு உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

திரையைத் தேர்ந்தெடுக்கும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மேற்சொன்ன 7 அங்குலத் திரை கணினியோடு ஒரு தட்டையான சிறு பட்டைக் கேபிளால் இணைகிறது. அது நீளம் குறைந்தது என்பதால் கணினிப் பலகை திரையின் முதுகிலேயே இருந்தாக வேண்டும். வெயிலில் நிறுத்திய காரில் மிக அதிகமாகச் சூடேறும் பகுதி டேஷ்போர்டுதான். கடும் கோடையில் அதன் மேற்பரப்பு 70 டிகிரி செல்சியஸை நெருங்குவது உண்டு. ராஸ்பெர்ரி பை 4 பலகை இயங்குவதற்கென்று குறிப்பிடப்பட்டுள்ள சுற்றுப்புற வெப்பம் 50 டிகிரி வரைதான். எனவே எச்டிஎம்ஐ கேபிள் வழியாகப் படமும், யூஎஸ்பி கேபிள் வழியாகத் தொடுதல் தகவலும் செல்லும் திரையையே காருக்கு நான் விரும்புகிறேன். அதில் திரை மட்டும் டேஷ்போர்டில் இருக்கும். கணினியை ஒரு மீட்டர் தள்ளி, கிளவ் பாக்ஸின் பின்னாலோ இருக்கைக்கு அடியிலோ நிழலான, காற்றோட்டமுள்ள இடத்தில் வைத்துக்கொள்ளலாம். திரையின் ஒளிச்செறிவும் முக்கியம். அதை நிட் என்ற அலகால் அளக்கிறார்கள். வீட்டுக்குள் பளிச்சென்று தெரியும் 300 நிட் அளவுள்ள திரை, நண்பகலில் பக்கவாட்டுக் கண்ணாடி வழியே வெயில் விழும்போது வெளிறிப்போகும். 800 முதல் 1000 நிட் வரை உள்ள திரைகள் விலை கூடியவைதாம். பகலில் அதிகம் ஓட்டுகிறவருக்கு அந்தச் செலவு தகும்.

இனி மின்சாரம். வீட்டுச் சுவரில் உள்ள அடாப்டர் நாள் முழுவதும் ஒரே சீராக 5 வோல்ட் தருகிறது. காரில் நிலைமை வேறு. எஞ்சின் நின்றிருக்கும்போது நன்கு சார்ஜ் ஏறிய பேட்டரியில் 12.6 வோல்ட் இருக்கும். எஞ்சின் ஓடும்போது, அதனால் சுழன்று மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டர் அதைப் பதினான்கை ஒட்டி உயர்த்தும். ஸ்டார்ட் செய்யும் அந்த ஓரிரு வினாடிகளில் ஸ்டார்ட்டர் மோட்டார் நூற்றுக்கணக்கான ஆம்பியரை இழுப்பதால் 9 வோல்ட்டுக்கும் கீழே விழலாம். ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்துகொண்டிருக்கையில் பேட்டரி முனை தளர்ந்து தொடர்பு விட்டுப்போனால், ஒரு கணம் பல பத்து வோல்ட் அளவுக்கு அழுத்தம் எகிறவும் செய்யும். 5 வோல்ட்டில் ஓடும் பலகைக்கு இத்தனை ஏற்ற இறக்கங்களையும் காட்டாமல் நடுவில் நின்று தடுப்பதுதான் டிசி டு டிசி கன்வெர்ட்டரின் வேலை.

மின்னணுப் பொருள் கடைகளில், சென்னை ரிச்சி தெருவிலானாலும் இணையத்திலானாலும், மலிவாகக் கிடைக்கும் கன்வெர்ட்டர் பலகைகளில் பெரும்பாலும் எல்எம்2596 என்ற சில்லு இருக்கும். அது 40 வோல்ட் வரை தாங்கும், 3 ஆம்பியர் தரும் என்று தகவல் தாளில் இருப்பது உண்மைதான். ஆனால் ராஸ்பெர்ரி பை 4-க்கே 3 ஆம்பியர் தரும் அடாப்டரைத்தான் பரிந்துரைக்கிறார்கள். திரைக்கு இன்னொரு அரை ஆம்பியராவது வேண்டும். யூஎஸ்பியில் செருகும் ஜிபிஎஸ், ஒலி அட்டை எல்லாம் தனி. வரம்பின் உச்சியிலேயே எப்போதும் ஓடும் கன்வெர்ட்டர் கொதித்துப் போகும். ஆகவே வாகனத்துக்கென்றே செய்யப்பட்ட, 5 வோல்ட்டில் 5 ஆம்பியர் தரும், மூடிய உலோகப் பெட்டியில் வரும் கன்வெர்ட்டரை வாங்குங்கள். இந்தத் திட்டத்தில் சிக்கனம் பார்க்கக் கூடாத ஒரே பொருள் இதுதான்.

அதை எங்கே வைப்பது என்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. மெல்லிய யூஎஸ்பி கேபிள்களில் மின்சாரம் செல்லும் கம்பி பெரும்பாலும் 28 கேஜ் என்ற மெல்லிய தடிமனில்தான் இருக்கும். அதன் மின்தடை மீட்டருக்கு ஏறக்குறைய 0.21 ஓம். ஒரு மீட்டர் கேபிளில் போக ஒரு கம்பி, வர ஒரு கம்பி என்பதால் தடை 0.42 ஓம் ஆகிறது. அதில் 2 ஆம்பியர் ஓடினால் 0.84 வோல்ட் வழியிலேயே கரைந்துவிடும். கன்வெர்ட்டரிலிருந்து 5.1 வோல்ட் புறப்பட்டாலும் பலகைக்கு வந்து சேர்வது 4.3 வோல்ட்டுக்கும் குறைவு. 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினாலே ராஸ்பெர்ரி பை திரையின் மூலையில் மின்னல் குறியைக் காட்டிவிட்டு வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கணினி மெதுவாக ஓடுகிறது, தொடுதல் சரியாக வேலை செய்யவில்லை என்று மென்பொருளை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருக்கும் பலருக்கு உண்மையான குறை இந்தக் கேபிளில்தான் இருக்கிறது. எனவே நீண்ட தூரத்தை 12 வோல்ட் ஒயரால் கடந்து, கன்வெர்ட்டரைக் கணினிக்கு அருகில் வைத்து, 5 வோல்ட் செல்லும் தூரத்தை ஒரு சாணுக்குள் தடித்த ஒயரால் முடித்துவிட வேண்டும்.

அடுத்து, 12 வோல்ட்டை எங்கிருந்து எடுப்பது? பழைய ஸ்டீரியோவைக் கழற்றினால் அதன் முதுகில் ஒயர்கள் கொத்தாக வந்து சேரும் கப்ளர் இருக்கும். கடையில் விற்கும் ஸ்டீரியோக்களோடு வரும் ஒயர்களில் பொதுவான வழக்கம் இது: மஞ்சள் ஒயர் பேட்டரியிலிருந்து எப்போதும் வரும் மின்சாரம், சிவப்பு ஒயர் சாவியைத் திருப்பினால் மட்டும் வரும் மின்சாரம், இதை ஏசிசி என்பார்கள், கறுப்பு ஒயர் எர்த். ஆனால் கார் நிறுவனம் தன் தொழிற்சாலையில் போட்ட ஒயர்கள் இந்த நிற வழக்கத்தைப் பின்பற்ற வேண்டியதில்லை. நிறத்தை நம்பாமல், வோல்ட்டையும் ஆம்பியரையும் அளக்கும் மல்டிமீட்டரை நம்ப வேண்டும். மீட்டரின் கறுப்பு முனையைக் காரின் உலோக உடலில் வைத்து, சாவியை எடுத்துவிட்டு ஒவ்வொரு முனையாகத் தொட்டுப் பாருங்கள். அப்போதும் 12 வோல்ட் காட்டுவது பேட்டரி ஒயர். பிறகு சாவியை ஏசிசி நிலைக்குத் திருப்பித் தொடுங்கள். புதிதாக 12 வோல்ட் காட்டும் முனை ஏசிசி. தொழிற்சாலை ஒயரை வெட்ட வேண்டாம். உங்கள் காருக்குப் பொருந்தும் மாற்றுக் கப்ளரை வாங்கி, அதன் வாலில் உங்கள் ஒயர்களை இணையுங்கள்; நாளைக்குப் பழைய ஸ்டீரியோவை மறுபடி மாட்ட வேண்டுமென்றாலும் செருகினால் போதும்.

இங்கேதான் தொடங்குவோர் அனைவரும் செய்யும் தவறு வருகிறது, நானும் செய்தேன். சாவியைத் திருப்பினால் கணினி ஓட வேண்டும், எடுத்தால் நிற்க வேண்டும், எனவே ஏசிசி ஒயரையே கன்வெர்ட்டருக்குக் கொடுத்துவிட்டால் போதும் என்று தோன்றும். முதல் நாள் அது அழகாக வேலை செய்யும். ஆனால் பெரும்பாலான கார்களில் சாவியை ஸ்டார்ட் நிலைக்குத் திருப்பும் கணத்தில், முழு மின்சாரமும் ஸ்டார்ட்டருக்குப் போகட்டும் என்று ஏசிசி ஒயர் துண்டிக்கப்படுகிறது. பாதி எழுந்த கணினி அப்போது விழுந்து மறுபடி எழும். சாவியை எடுக்கும்போதோ, ஓடிக்கொண்டிருக்கும் கணினியின் மின்சாரம் திடீரென்று அறுந்துபோகிறது. அந்த நேரத்தில், கணினியின் மென்பொருளும் கோப்புகளும் இருக்கும் எஸ்டி கார்டில் ஏதாவது எழுதிக்கொண்டிருந்தால் அந்தப் பதிவு பாதியில் நின்று, கோப்பு அமைப்பே கெட்டுப்போகலாம். என் காரில் ஏறக்குறைய இரண்டு மாதங்கள் இப்படி ஓடியது. பிறகு ஒரு நெடும்பயணத்துக்குப் புறப்பட்ட அதிகாலையில் திரையில் வெறும் எழுத்து வரிசைகள் மட்டும் ஓடி நின்றுவிட்டன. அந்த எஸ்டி கார்டை அதன்பின் மீட்க முடியவில்லை.

அப்படியானால் எப்போதும் மின்சாரம் வரும் மஞ்சள் ஒயரிலேயே கொடுத்துவிடலாமா? கூடாது. வேலையில்லாமல் சும்மா இருக்கும் ராஸ்பெர்ரி பை 4 கூட ஏறக்குறைய 3 வாட் எடுக்கும்; கன்வெர்ட்டரின் இழப்பையும் சேர்த்தால் 12 வோல்ட் பக்கத்தில் அது 0.3 ஆம்பியர். ஒரு நாளைக்கு 7 ஆம்பியர் மணிக்கு மேல் போய்விடும். சிறிய பெட்ரோல் கார்களில் இருக்கும் 35 ஆம்பியர் மணி பேட்டரி மூன்று நாளில் பாதிக்கு மேல் காலியாகும். அதன் பிறகு கார் ஸ்டார்ட் ஆகுமா என்பது சந்தேகம்தான்.

சரியான அமைப்பு இரண்டு ஒயர்களையும் பயன்படுத்துகிறது. கணினிக்கான மின்சாரம் பேட்டரி ஒயரிலிருந்து, ரிலே எனப்படும், மின்சாரத்தால் இயங்கும் ஒரு ஸ்விட்ச் வழியாக வரும். அந்த ரிலேயை ஒரு டைமர் கட்டுப்படுத்தும். ஏசிசி ஒயர் மின்சாரம் தரும் வேலையைச் செய்யாமல், சாவி இருக்கிறதா இல்லையா என்று தகவல் சொல்லும் வேலையை மட்டும் செய்யும். சாவியைத் திருப்பியதும் ரிலே மின்சாரத்தை இணைக்க, கணினி எழும். ஸ்டார்ட் செய்யும்போது ஏசிசி ஓரிரு வினாடி மறைந்தாலும், டைமர் அதைப் பொருட்படுத்தாது. சாவியை எடுத்த பிறகு, ஏசிசி பத்து வினாடி தொடர்ந்து வரவில்லை என்று கண்டால் கணினி தானே முறைப்படி மூடிக்கொள்ளத் தொடங்கும். ஒரு நிமிடம் கழித்து டைமர் ரிலேயைத் திறந்து மின்சாரத்தை முழுவதுமாகத் துண்டிக்கும். இத்தனையையும் ஒன்றாகச் செய்யும், காருக்கான மின்வழங்கிப் பலகைகள் ஆயத்தமாகவே விற்கப்படுகின்றன. முதல் முறை செய்கிறவர் அவற்றையே வாங்குவது நல்லது. நீங்களே செய்வதானால் ஒரு எச்சரிக்கை: ராஸ்பெர்ரி பையின் உள்ளீட்டு ஊசிகள் 3.3 வோல்ட் மட்டுமே தாங்கும். ஏசிசி ஒயரை நேராக அதில் கொடுத்தால் பலகை அந்த நொடியே போய்விடும். இடையில் பிசி817 போன்ற ஒரு ஆப்டோகப்ளரை வைத்து, ஒளியால் மட்டும் தகவல் கடக்குமாறு இரு பக்கங்களையும் பிரித்துவிட வேண்டும். இதற்கு மேலும் ஒரு காப்பு உண்டு. ராஸ்பெர்ரி பையின் அமைப்புக் கருவியிலேயே, எஸ்டி கார்டை வாசிக்க மட்டும் திறந்து, எழுதுவதையெல்லாம் நினைவகத்தில் வைத்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. எல்லாம் ஒழுங்காக ஓடத் தொடங்கிய பிறகு அதை இயக்கிவிட்டால், மின்சாரம் எதிர்பாராமல் போனாலும் கார்டு கெடுவதற்கான வாய்ப்பு மிகவும் குறைந்துவிடும்.

பேட்டரியிலிருந்து தனி ஒயர் இழுத்தால் பியூஸை பேட்டரி முனையிலிருந்து ஒரு சாணுக்குள் போட வேண்டும். பியூஸ் காப்பது கணினியை என்று பலர் நினைக்கிறார்கள். அது காப்பது ஒயரை. எஞ்சின் அறையிலிருந்து உள்ளே வரும் வழியில் எங்காவது உறை கிழிந்து ஒயர் உலோக உடலில் பட்டால், பியூஸ் இல்லாத ஒயர் அப்படியே பழுத்துத் தீப்பிடிக்கும். இந்த அளவு கணினிக்கு 5 ஆம்பியர் பியூஸ் போதும். தகட்டுத் துளை வழியாக ஒயர் நுழையும் இடத்தில் ரப்பர் வளையம் கட்டாயம். வேலை தொடங்குமுன் பேட்டரியின் நெகடிவ் முனையைக் கழற்றிவிடுங்கள். டேஷ்போர்டுக்குள் மஞ்சள் உறையோ மஞ்சள் கப்ளரோ போட்ட ஒயர் தென்பட்டால் அது பெரும்பாலும் ஏர்பேக்கினுடையது. அதில் மல்டிமீட்டரைக் கூட வைக்கக் கூடாது, அதையொட்டி எதையும் கட்டக் கூடாது. பயணி பக்க ஏர்பேக் விரியும் பாதையில் திரையோ தாங்கியோ நீட்டிக்கொண்டிருக்கவும் கூடாது.

ஒலியைப் பொறுத்தவரை, ராஸ்பெர்ரி பை 4-இன் ஹெட்போன் துளையிலிருந்து வருவது ஸ்பீக்கரை இயக்கும் அளவுக்கு வலுவானதன்று. பழைய ஸ்டீரியோவை எடுத்துவிட்டால் அதிலிருந்த ஆம்ப்ளிஃபயரும் போய்விடுகிறது என்பதை மறந்துவிடுகிறார்கள். காருக்கான நான்கு சேனல் ஆம்ப்ளிஃபயர் ஒன்று தனியாக வேண்டும். அவ்வகை ஆம்ப்ளிஃபயர்களில் ஸ்பீக்கரின் இரண்டு ஒயர்களுமே இயக்கப்படுகின்றன. எனவே நெகடிவ் ஒயரை எர்த்தில் சேர்த்தால் ஆம்ப்ளிஃபயர் கெட்டுவிடும். பாட்டின் பின்னணியில் ஒரு ரீங்காரம் கேட்டு, ஆக்ஸிலரேட்டரை அழுத்த அழுத்த அதன் சுருதி ஏறினால், அது ஆல்டர்னேட்டரின் ஓசை. கணினியும் ஆம்ப்ளிஃபயரும் காரின் உடலில் வெவ்வேறு இடங்களில் எர்த் ஆகியிருப்பதே பெரும்பாலும் காரணம். இரண்டையும் பெயின்ட் சுரண்டிய ஒரே போல்ட்டில் எர்த் செய்து பாருங்கள். அதன் பிறகும் நீடித்தால் ஒலிக் கேபிளின் நடுவில், ஒலியை மட்டும் கடத்தி இரு பக்க எர்த்தையும் பிரித்துவைக்கும் கிரவுண்டு லூப் ஐசொலேட்டர் ஒன்றைச் செருகினால் அடங்கிவிடும்.

மென்பொருளில் தேர்வுகள் பல. பாட்டும் படமும் போதுமென்றால் கோடி என்ற இலவச மென்பொருள் தொடுதிரைக்கு நன்றாகப் பொருந்தும். கைபேசியின் ஆண்ட்ராய்டு ஆட்டோவை டேஷ்போர்டில் காட்ட விரும்பினால், திறந்த மூல மென்பொருளான ஓப்பன்ஆட்டோ கைபேசியை யூஎஸ்பியில் செருகியதும் அதன் வரைபடத்தையும் அழைப்புகளையும் இந்தத் திரைக்குக் கொண்டுவரும். ஆனால் பின்பக்கக் கேமராவை மட்டும் கணினியை நம்பி விடாதீர்கள். கணினி எழுந்து நிற்க இருபது முப்பது வினாடிகள் ஆகும். வீட்டிலிருந்து காரைப் பின்னால் எடுப்பது முதல் பத்து வினாடிக்குள் நடந்துவிடும். ரிவர்ஸ் விளக்கின் 12 வோல்ட்டைக் கண்டதும் தானாகவே கேமராப் படத்துக்கு மாறிக்கொள்ளும் தனி உள்ளீடு உள்ள திரையாக வாங்கினால், கணினி தூங்கிக்கொண்டிருந்தாலும் பின்பக்கம் தெரியும்.

எனக்கு இந்தத் திட்டத்திலேயே மிகவும் பிடித்த பகுதி, எஞ்சினோடு பேசுவது. ஸ்டியரிங்குக்குக் கீழே 16 ஊசிகள் கொண்ட ஒரு துளை இருக்கும். ஓபிடி எனப்படும் அந்த இணைப்பை அமெரிக்கா 1996-ஆம் ஆண்டின் கார்கள் முதல் கட்டாயமாக்கியது, பிறகு பிற நாடுகளுக்கும் பரவியது. அதில் இஎல்எம்327 வகை அடாப்டரைச் செருகி, எஞ்சின் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று கணினி கேட்டால் விடை இரண்டு எண்களாக வரும். அவை 26, 248 என்று வைத்துக்கொள்வோம். 26-ஐ 256-ஆல் பெருக்கி, 248-ஐக் கூட்டி, 4-ஆல் வகுத்தால் 1726. அதுதான் நிமிடத்துக்கான சுற்று. குளிர்விப்பு நீரின் வெப்பம் ஒரே எண்ணாக வரும். அதிலிருந்து 40-ஐக் கழித்தால் டிகிரி செல்சியஸ். 130 என்று வந்தால் 90 டிகிரி. வெப்பமானி முள்ளே இல்லாத, சிவப்பு விளக்கு மட்டும் உள்ள கார்களில் இந்த ஓர் எண் எஞ்சினைக் காப்பாற்றும். இது ஓட்டும்போது ஒரு கணப் பார்வையிலேயே தெரிய வேண்டும் என்பதால் எழுத்தைப் பெரிதாகவும், பொத்தான்களை விரல் நுனியைவிடப் பெரிதாகவும் அமையுங்கள். படம் ஓடுவதை ஹேண்ட்பிரேக் ஒயரோடு இணைத்து, பிரேக் போட்டிருந்தால் மட்டும் ஓடுமாறு வையுங்கள். கடையில் விற்கும் ஸ்டீரியோக்களிலும் அதற்கென ஓர் ஒயர் இருப்பது காரணமில்லாமல் இல்லை.

இத்தனையையும் முதலில் காரில் செய்யாமல், வீட்டு மேசையில் ஒரு பழைய 12 வோல்ட் பேட்டரியை வைத்து, ஏசிசி ஒயருக்குப் பதில் ஒரு ஸ்விட்சைப் போட்டு ஐம்பது முறையாவது இயக்கி நிறுத்திப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் கணினி முறையாக மூடி, ரிலே ‘டக்’கென்று விடும் ஓசை கேட்க வேண்டும். காரில் மாட்டிய பிறகு முதல் வாரம், இரவு காரைப் பூட்டி ஒரு மணி நேரம் கழித்து ஒரு முறையும், காலையில் ஸ்டார்ட் செய்யுமுன் ஒரு முறையும் பேட்டரி வோல்ட்டை அளந்து குறித்துவையுங்கள். இரவில் 12.6 இருந்தது காலையில் 12.5-க்குக் குறையாமல் இருந்தால் சரி. நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே வந்தால், நெகடிவ் முனைக்கும் அதன் கேபிளுக்கும் நடுவில் மல்டிமீட்டரை ஆம்பியர் நிலையில் வைத்து, கதவுகளை மூடிச் சற்று நேரம் காத்திருந்து பாருங்கள். சாவியைத் திருப்பவோ ஸ்டார்ட் செய்யவோ வேண்டாம், மீட்டர் தாங்காது. 50 மில்லிஆம்பியருக்கு மேல் ஓடினால் உங்கள் பியூஸைக் கழற்றுங்கள். அளவு சட்டென்று இறங்கினால் கசிவு நீங்கள் போட்ட ஒயரில் இருக்கிறது. இறங்கவில்லையென்றால் காரின் மற்ற பியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்க வேண்டியதுதான்.